சகாயமேரியின் கல்ச்சர் பாட்டில்

கையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். உள்ளே முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து வேகவைத்த கலவை சாய்வாக உறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஏழெட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. வழவழவென்று, ஈரமாக, துருவிய கேரட்டின் நிறத்தில்.

ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே மேகம் இறங்கி, ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த பேரிக்காய் மரம் பாதிதான் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை. டியூப்லைட்டுக்கு அடியில் போனேன். அதே நிறம். மறுபடி ஜன்னலுக்கு வந்தேன்.

"என்ன சார், பாட்டிலத் தூக்கிட்டு ரூமைச் சுத்திச் சுத்தி வாரீங்க?" என்றாள் ஜெபராணி. என்னிடம் வேலை பார்த்த லேப் டெக்னீஷியன்.

"ஒண்ணுமில்ல. சரியாத் தெரியல."

"கண்ணாடி நெத்தியில இருக்கு சார்."

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது: சகாயமேரி, ஹாஸ்டல் சமையல்.

வாராவாரம் இந்தத் தொடரைப் படிக்கிற நீங்கள், போன வாரம் மதுரை லேபுக்குள் குரங்கு புகுந்த கதைக்குச் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, இனியும் சுற்றி வளைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. இத்தனை வாரமாக இந்த பாட்டிலை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் இதுதான். இதுவரை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

இருட்டிலும் ஆரஞ்சு

காசநோய்க் கிருமி அந்தப் பச்சைக் கலவையில் வளர்ந்தால் பார்த்தவுடன் தெரியும். வறண்டு, சொரசொரப்பாக, ரொட்டித்தூளை உதிர்த்துவிட்டதுபோல வெளிறிய நிறத்தில் இருக்கும்.

அந்தக் கிருமிக்கு உறவுக்காரர்கள் அதிகம். மண்ணில் இருக்கிறார்கள், குளத்தில் இருக்கிறார்கள், குழாய்க்குள் இருக்கிறார்கள். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரிச் சிவப்புக் குச்சிகள்தாம். அமிலம் ஊற்றிக் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. யார் எவர் என்று வளர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வளர்வதற்கோ வாரக்கணக்காகும். சாதாரணக் கிருமி ஒரே நாளில் தட்டை நிரப்பிவிடும். இந்தக் குடும்பத்தில் பலர் மூன்று வாரம், நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை பாட்டிலை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதும்தான் எங்கள் வேலை.

ஆரஞ்சு நிறக்காரனுக்கு மைக்கோபாக்டீரியம் கோர்டோனே என்று பெயர். தண்ணீரில் பிறந்து தண்ணீரில் கிடப்பவன். அநேகமாக யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. குடித்தாலும் ஒன்றும் ஆகாது.

இதே குடும்பத்தில் சில வகைகள் வெளிச்சம் பட்டால்தான் மஞ்சளாகும். கோர்டோனே இருட்டிலும் ஆரஞ்சுதான். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே ஆளின் சளியிலிருந்து இரண்டு பாட்டில் போட்டு, ஒன்றை வெள்ளித்தாளில் சுற்றி வைக்க வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஜெபராணி தின்கிற பிஸ்கட்டின் வெள்ளித்தாள் எனக்கு வந்துவிடும்.

சகாயமேரியின் இரண்டாவது பாட்டிலை எடுத்துத் தாளைப் பிரித்தேன். வெளிச்சமே பாராமல் ஐந்து வாரத்துக்குமேல் கிடந்தது. உள்ளே அதே கேரட் நிறம்.

அப்படியானால் அது அவர் நெஞ்சிலிருந்து வந்ததாக இருக்காது. எங்கள் தண்ணீரிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நான் கும்பிட்ட தண்ணீர்

மதுரையில் அரசு வேலையில் ஓய்வு பெற்று, கொடைக்கானலுக்கு வந்து ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் லேபைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பெயர் வேண்டாம், இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் யாரும் சளியைக் கல்ச்சர் போட்டுக் கிருமி வளர்க்க மாட்டார்கள். நான் அடம்பிடித்து ஆரம்பித்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன், முப்பது வருஷ அனுபவம் உள்ளவன் என்பதைக் காட்ட வேண்டாமா?

மதுரையில் நாற்பது வருஷம் உப்புத் தண்ணீர் குடித்தவனுக்கு மலைத் தண்ணீர் என்ன செய்யும் என்று சமவெளிக்காரர்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சோலைக்குள், பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அங்கிருந்து கறுப்புக் குழாய் போட்டு, சரிவோடு இழுத்து, சிமெண்டுத் தொட்டியில் விட்டிருந்தார்கள். இந்த மலையில் எந்தச் சரிவைப் பார்த்தாலும் அப்படி நாலு குழாய் ஓடும். காலையில் முதல் வேலையாக ஒரு டம்ளர் பிடித்துக் குடிப்பேன். பல் கூசும். அதைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பேசுவேன்.

சாயம் கரைக்கவும், ஸ்லைடு கழுவவும், சளியைப் பக்குவப்படுத்தும் காரக் கரைசலுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். எங்கள் வடிகலன் கெட்டுப்போய், வத்தலக்குண்டிலிருந்து வாரம் ஒருமுறை கேன் வரும். அந்த வருஷம் ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கேன் வரவில்லை.

"தொட்டியிலேருந்து பிடிச்சு ஊத்து" என்றேன்.

"சார், அது சோலைத் தண்ணி சார். தொட்டி ஓரத்துல பாசி புடிச்சிருக்கு. குழாய் உள்ளயும் வழவழன்னு கெடக்கு."

"கடையில விக்கிற பாட்டில் தண்ணியவிட இது சுத்தம்."

"நீங்க அதைக் கும்புடுறீங்க. நான் கொதிக்க வச்சுத்தான் குடிக்கேன்."

"நீ மலையிலயே பொறந்து வளந்தவ. அதான் அருமை தெரியல."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பிடித்து ஊற்றினாள். பாதை சரியாகி கேன் வர ஆரம்பித்த பிறகும் நான் தொட்டித் தண்ணீரையே ஊற்றச் சொன்னேன். அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காக என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஊற்றுத் தண்ணீர் சுத்தமானதுதான், குடிப்பதற்கு. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பதற்கு இல்லை. இது முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும்.

மூன்று சிவப்புக் குச்சிகள்

அந்த மழையில்தான் சகாயமேரி இருமிக்கொண்டு வந்தார். பேத்துப்பாறைக்காரர். வயது முப்பத்தெட்டோ நாற்பதோ. புருஷன் இறந்துபோய், ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாக நின்று சாம்பார் இறக்குவார் என்று சொல்வார்கள். பத்து வயது மகள் அனிதாவும் அதே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் சளியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், நூறு இடம் பார்த்ததில் மூன்று சிவப்புக் குச்சிகள் இருந்தன. எழுதிக்கொண்டு டாக்டர் சிஸ்டரிடம் போனேன். அந்த ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர் ஒரு கன்னியாஸ்திரி. எல்லாரும் டாக்டர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் எக்ஸ்ரேயை மறுபடி மறுபடி பார்த்தார். "மங்கலா ஒரு இடம் இருக்கு. ஆனா நெஞ்சுச் சளியிலயும் இப்படி வரும். மூணே மூணு கிருமிதானே சார்? புதுசா ஒரு சாம்பிள் எடுத்துப் பாத்துருவோமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "சிஸ்டர், நான் கண்ணால பார்த்தேன். முப்பது வருஷமா இதைத்தான் பாக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காசநோய்க்கு ஆறு மாத மாத்திரைக்குச் சீட்டு எழுதினார்.

அந்த மாத்திரைகளைத் தின்றவர்களுக்குத் தெரியும். சிறுநீர் சிவப்பாகப் போகும். வயிறு புரட்டும். சகாயமேரிக்கு இரண்டாவது மாதம் கண் மஞ்சளாகி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்கள். விடுதியில் உடனே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சமையற்கட்டில் இருந்தவருக்கு டி.பி. என்றால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அனிதாவின் படுக்கையைத் தனியாகப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் ஜெபராணி அவ்வப்போது வந்து சொன்னது. நான் கேட்டுக்கொண்டேன். பாட்டில் அப்போது இன்குபேட்டரில் இருந்தது.

மறுபடி அந்த ஜன்னல்

அந்த ஜன்னலுக்கே வருகிறேன். கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. டாக்டர் சிஸ்டரின் அறை பதினைந்தடி தூரம். அவர் உள்ளே யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். குரல் கேட்டது.

போகவில்லை.

எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லலாமா? உறுதி செய்ய வேண்டாமா? தொட்டித் தண்ணீரை எடுத்து, மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதை ஒரு புதுப் பாட்டிலில் போட்டேன். அது வளர இன்னும் ஐந்தாறு வாரம் ஆகும். ஆகட்டும் என்றிருந்தேன். அந்தக் கிருமி மெதுவாக வளர்வது எனக்கு வசதியாக இருந்தது.

மற்றவர்களின் பாட்டில்களையும் எடுத்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் மாத்திரை ஆரம்பித்த மற்ற எல்லாருக்கும் ரொட்டித்தூள் நிறத்தில் நிஜக் காசநோய்க் கிருமியே வளர்ந்திருந்தது. இவர் ஒருவர்தான். ஒருவர்தானே என்று அப்போது நினைத்தேன். இந்த வரியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தண்ணீர் போட்ட பாட்டிலிலும் கேரட் நிறம் வந்தது. அப்போது மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம். இன்னும் மூன்று மாதம் பாக்கி.

அன்றும் போகவில்லை. பாதி முடிந்துவிட்டது, மீதியும் முடிந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று கார்டு கொடுத்துவிடுவார்கள், இனி எதற்குக் கலவரம் என்று நினைத்தேன். மூன்று பாட்டிலையும் நீராவியில் வேகவைத்துக் குப்பையில் போட்டேன். ஜெபராணியிடம் "இனிமே கேன் தண்ணி மட்டும்தான்" என்றேன்.

"தொட்டித் தண்ணிக்கு என்ன சார் ஆச்சு?"

"சொன்னதைச் செய்."

ஆறாவது மாதம் சகாயமேரி வந்து சளி கொடுத்தார். இளைத்திருந்தார். ஸ்லைடைக் கேன் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? குணமாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் சிஸ்டர் சில வருஷம் கழித்து இறந்துபோனார். அவரிடமும் சொல்லவில்லை. அவரது அடக்கத்தில் நான் முன்வரிசையில் நின்றேன்.

இரண்டு மணி நேரம்

போன மாதம் எனக்கே இருமல். எழுபத்தாறு வயதில் இருமினால் யாரும் சும்மா விடுவதில்லை. இப்போது சளியை மெஷினில் வைத்தால் கிருமியின் மரபணுவைத் தேடி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. காசநோயா இல்லையா என்று உறவுக்காரர்களோடு குழப்பிக்கொள்ளாமல் சொல்கிறது. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். படியில் இறங்கி ஏறினேன். கையிலிருந்த டோக்கனை மடித்து மடித்துக் கிழித்துவிட்டேன். இல்லை என்று வந்தது. வெளியே வந்து ஜெபராணிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு லேப் வைத்திருக்கிறாள்.

"சகாயமேரி எப்படி இருக்காங்க, தெரியுமா?"

போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இருக்கு சார். பேத்துப்பாறைலதான் இருக்கு. மாதா திருவிழாவுக்கு அசனம் போடுவாங்கல்ல, ஊரே சேந்து ஆக்கி ஊரே உக்காந்து திங்குறது. அதுல எல்லாப் பொம்பளைகளும் காய் நறுக்கும், சோறு வடிக்கும். இது மட்டும் விறகு அடுக்கும். சட்டி பக்கத்துல விடுறதில்ல. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அப்படித்தான். நூத்தம்பது பேருக்குச் சமைச்ச கை சார் அது."

"ஜெபா, உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பாட்டில்..."

"ஆரஞ்சு. பாத்தேன் சார். நீங்க குப்பையில போட்ட அன்னிக்கே பாத்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

விறகுக்காரி

பேத்துப்பாறைக்கு நான் மூன்று தடவை கிளம்பினேன். முதல் தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பினேன். இரண்டாவது தடவை பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி இறங்கிவிட்டேன். டிரைவர், "சார், வாந்தி வருதா?" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்த அன்று திருவிழாவுக்கு முந்தின நாள். கோயிலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழ் பத்துப் பதினைந்து பெண்கள் கேரட்டும் பீன்ஸும் குவித்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்புச் சத்தம். சகாயமேரி எங்கே என்றேன். ஒருத்தி கத்தியால் அந்தக் கடைசியைக் காட்டினாள்.

யூகலிப்டஸ் விறகை நீளம் பார்த்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்தார்.

"லேப் சாரா? இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. இருங்க, கடையில டீ வாங்கியாரேன்."

"வேண்டாம்மா."

"எங்க வீட்டுலயே போட்டுத் தருவேன். யாரும் குடிக்க மாட்டாங்க. அதான் கடைன்னேன்." மனத்தாங்கல் எதுவும் இல்லாமல், கடை இருக்கும் திசையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். உங்களுக்குக் காசநோய் இல்லை. ஸ்லைடில் இருந்தது எங்கள் தொட்டித் தண்ணீரில் இருந்த கிருமி. எனக்கு அது தெரியும்.

அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைக்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்ப எனக்கு என்ன இருந்துச்சு?"

"நெஞ்சுச் சளிதாம்மா. மழைக்குப் பிடிச்சது."

"சளி." விறகை அடுக்கில் வைத்தார். "சளிக்கா ஆறு மாசம்? கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு சார். எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஒண்ணரை மாசத்துல சந்தேகம். மூணு மாசத்துல உறுதி."

விரல் விட்டு எண்ணினார். "அனிதாவ நான் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏத்துனது நாலாம் மாசம். எங்கிட்ட இருந்தா புள்ளைக்கும் ஒட்டிக்கிரும்னு அனுப்புனேன். பஸ்ஸுல ஏறுறப்ப ஓடி வந்து கட்டிக்க வந்துச்சு. நான் துண்டை வாயில வச்சுக்கிட்டுத் தள்ளி நின்னுட்டேன். அப்ப உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அது அங்கனயே வளந்துருச்சு. இப்ப என் தங்கச்சியைத்தான் அம்மாங்குது. என்னைய 'பேத்துப்பாறை அம்மா'ங்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வாங்க. அங்க வந்து சொல்லுங்க."

தார்ப்பாய்க்குக் கீழே

"ஏ ஸ்டெல்லா, கத்தியக் கீழ வை. எல்லாரும் வைங்க. இந்த சார் ஒரு சோலியா வந்திருக்காரு" என்றார் சகாயமேரி.

ஸ்டெல்லா அவருடைய தம்பி மனைவி. சமையலுக்கு அவள்தான் பொறுப்பு. நறுக்குகிற பெண்கள் நிமிர்ந்தார்கள். நான் பாடம் நடத்துகிறவன்போல ஆரம்பித்தேன். தண்ணீரில் ஒரு கிருமி இருக்கிறது, அது ரொம்ப மெதுவாக வளரும், பார்ப்பதற்கு டி.பி. கிருமி மாதிரியே இருக்கும் என்று.

"தண்ணியிலயா? நாங்க அதைத்தான குடிக்கிறோம்?" என்றாள் ஒருத்தி. பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது.

"குடிக்கலாம். ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாத கிருமியா இவள விறகுக்கு அனுப்புச்சு?"

"அது அனுப்பல. நான் அனுப்பினேன்."

"அப்ப எதுக்குடி மேரி ஆறு மாசம் மாத்திரை தின்ன?" என்றாள் பாக்கியம்.

"அதைத்தான் அவருகிட்ட கேக்கச் சொல்றேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அறை பதினைந்தடி தூரம் என்றும் சொன்னேன். யாரோ "அட பாவி மனுசா" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், எனக்குக் கேட்டது.

ஸ்டெல்லா கடைசிவரை கேட்டாள். பிறகு சகாயமேரியைப் பார்த்தே பேசினாள். "சார் பெரியவரு, சொல்றாரு. நான் நம்புறேன். ஆனா நாளைக்கு வெளியூர்லேருந்து அம்புட்டுச் சனமும் வரும். இவரு சொன்னது இங்க இருக்கிற பத்துப் பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் முகத்தைச் சுளிச்சு எந்திரிச்சுட்டா அசனமே கெட்டுப் போகும். அடுத்த வருசம் பாப்போம் மேரி."

"எழுத்துல இருந்தா?"

"எழுத்துல இருந்தா வேற. கோயில்லயே வாசிச்சுரலாம்."

சகாயமேரி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ வாராவாரம் புத்தகத்துல எழுதுறீங்களாம்ல. ஜெபராணி சொல்லுச்சு. டீக்கடைக்கு வருது அது. அதுல போடுங்க."

பிறகு விறகடுக்குக்குத் திரும்பிப் போனார். மறுநாள் அசனத்துக்கும் அவர் விறகுதான் அடுக்கினார் என்று ஜீப் டிரைவர் சொன்னார்.

அடித்ததும் சேர்த்ததும்

இந்த அத்தியாயத்தை எழுதி எடுத்துக்கொண்டு, போன புதன்கிழமை மறுபடி பேத்துப்பாறைக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். சகாயமேரி வாசற்படியில் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் பெயரை மாற்றி 'ஒரு சமையற்காரப் பெண்மணி' என்று போட்டிருந்தேன். இத்தகைய விஷயங்களில் பெயரை மறைப்பதுதான் மரியாதை என்று சொன்னேன்.

"நோய் வந்தவுகளுக்குத்தான சார் பேரை மறைக்கணும்? எனக்குத்தான் வரவே இல்லையே. முழுசாப் போடுங்க. ஊரையும் போடுங்க."

போட்டேன். ஓர் இடத்தில் 'தெரியாமல் நடந்துவிட்ட பிழை' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது எனக்கு உறுத்தவில்லை. வாசிக்கும்போது அவர் உரிப்பதை நிறுத்தினார்.

"தெரியாமயா?"

"ஆரம்பத்துல தெரியாதில்லம்மா."

"ஆரம்பத்துல. அதுக்கப்புறம்? அதை அடிங்க."

பேனாவை எடுத்து அடித்தேன். அவர் எட்டிப் பார்த்து, முழுசாக அடித்திருக்கிறேனா என்று சரிபார்த்தார்.

"கடைசியில என்ன இருக்கு?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு நாலு வரி."

"அது உங்களுக்கு ஆகிறது. எனக்கு ஆகிறதைப் போடுங்க. நான் சொல்றேன், வெரசா எழுதிக்கிடுங்க. மதியத்துக்கு உலை வைக்கணும்."

அந்த நான்கு வரியையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் அவர் சொன்னதை, சொன்னபடியே போடுகிறேன்:

பேத்துப்பாறை சூசை மகள் சகாயமேரிக்கு டி.பி. இருந்ததே இல்லை. லேப் சாருக்கு அது தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. டீக்கடையில் இதைப் படிக்கிறவர்கள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டவும்.